செயலற்றது என்றொரு சொல்

பிழைப்புக்குக் கட்டடப் பராமரிப்பு, மனநிறைவுக்குப் புத்தகங்கள் என்று என் நாள்கள் இரண்டாகப் பிரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இதுவரை இரண்டாவதைப் பற்றித்தான் நண்பர்களோடு பேசியிருக்கிறேன். முதலாவதில் பேச என்ன இருக்கிறது என்ற எண்ணம் எனக்கே இருந்தது. சென்ற மாதம் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் வேளையில், அதிலிருந்த ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. சொற்களைப் பற்றி யோசிக்கிறவர்கள் கூடும் இடம் இது என்பதால் அதை இங்கே வைக்கிறேன். பொருள் என்னவோ கணினி வலையமைப்புக் கேபிள்தான். இலக்கியம் எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள்க.

அந்தப் பத்திரம், எங்கள் கட்டடத்தின் வலையமைப்புக்கான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். ஏ.எம்.சி. என்றால் எல்லாருக்கும் புரியும். சுவிட்ச், ரவுட்டர், வைஃபை கருவிகள் எல்லாவற்றையும் பட்டியலிட்ட பிறகு, கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: ‘பாசிவ் பொருள்கள் நீங்கலாக.’ பாசிவ் பொருள்கள் என்றால் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடும் கேபிள்கள், அவை வந்து முடியும் பேட்ச் பேனல்கள், மேசையருகே சுவரில் பதித்த முனைகள், கேபிள்களைத் தாங்கும் இரும்பு டிரேக்கள். கட்டடத்தின் வலையமைப்பில் எண்ணிக்கையிலும் நீளத்திலும் பெரும்பகுதி இவைதாம். அந்தப் பெரும்பகுதியை ஒரே சொல்லால் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

மின்பொறியியலில் அந்தச் சொல் குற்றமற்றது. தனக்கென மின்சாரம் வாங்கிச் சமிக்ஞையைப் பெருக்கும் கருவி ஆக்டிவ். அப்படிச் செய்யாமல் வந்ததை அப்படியே கடத்துவது பாசிவ். அவ்வளவே. ஆனால் வகுப்பறையிலிருந்து ஒப்பந்தப் பத்திரத்துக்கு வரும் வழியில் அச்சொல் வேறு பொருளைச் சேர்த்துக்கொண்டது. செயலற்றது, ஆகவே கெடாதது, ஆகவே பார்க்க வேண்டாதது என்று மூன்று படி இறங்கிவிட்டது. இந்த மூன்று படிகளும் பொய் என்பதே இக்கட்டுரையில் என் கட்சி.

*

வானகரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்ததும் வருகிற ஊர். வடக்கே கூவம் ஓடுகிறது. அம்பத்தூருக்குப் போகும் சாலை அயனம்பாக்கத்தின் வழியே செல்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளுமாக இருந்த அப்பகுதியில், 2000-க்குப் பிறகு கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் முளைத்தன. இப்போது பெரிய தரவு மையங்களும் வந்துவிட்டன. வானகரத்தில் அந்த அளவுக்குப் பெரியவை இல்லை. நான்கு மாடி, ஐந்து மாடி வணிகக் கட்டடங்கள் உண்டு. கீழே வங்கிக் கிளையோ பைக் ஷோரூமோ இருக்கும். மேலே கணக்கர் அலுவலகம், பயிற்சி நிலையம், தரவு உள்ளிடும் சிறு நிறுவனம் என்று கலந்திருக்கும். நான் பராமரிக்கும் கட்டடமும் அப்படிப்பட்டதே.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்திலும் இடுப்பளவு நீர். அங்கேதான் வலையமைப்பின் முதன்மை ரேக் இருந்தது. அதைத் தரைத்தளத்தில் வைத்ததே முதற்பிழை. அதற்கான பழியில் எனக்கும் பங்குண்டு.

நீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. புதிய சுவிட்சுகள் வர இரண்டு நாள். அவை ஆக்டிவ் பொருள்கள் அல்லவா, ஒப்பந்தப்படி ஒழுங்காகவே வந்தன. பிறகு தொடங்கியது வினை. ஒன்பது பேட்ச் பேனல்கள், ஒவ்வொன்றிலும் 24 முனைகள், ஆக 216 கேபிள்கள். அவசரத்துக்கு வந்த ஆட்கள் சேறு படிந்த பேனல்களைக் கழற்றுவதற்காகக் கேபிள்களைக் கொத்தாக வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். கேபிள்களில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டுகள் நீரில் கூழாகியிருந்தன. எந்தக் கம்பி எந்த மாடியின் எந்த மேசைக்குப் போகிறது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லை. கட்டடம் திறந்தபோது வரைபடம் ஒன்று இருந்ததாம். அது யாரிடம் போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை.

இரண்டு இளைஞர்கள் டோனர் கருவியை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினார்கள். ஒருவர் மேலே மேசையடியில் ஊர்ந்து முனையில் ஒலியைச் செலுத்த, மற்றவர் கீழே 216 கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்க வேண்டும். ஆறு நாளில் 90 கம்பிகளைக்கூடக் கண்டறிய முடியவில்லை. மூன்றாம் மாடியில் தரவு உள்ளிடும் பெண்கள் நாற்பது பேர். முடித்த படிவங்களின் எண்ணிக்கைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. தினமும் காலையில் வந்து, படிக்கட்டில் அமர்ந்து, பகல் வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டில் புகுந்த வெள்ளத்துக்கு மேல் இது ஒரு வெள்ளம். அந்த நாள்களின் கூலியை அவர்களுக்கு யாரும் தரவில்லை. செயலற்ற பொருள் என்று பத்திரம் சொன்ன கம்பி, நாற்பது குடும்பங்களின் அடுப்போடு தொடர்புடையதாக இருந்தது.

ஏழாம் நாள், யாரோ சொல்லி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே கேபிள் இழுத்த பெரியவர் வந்தார். தொழிலை விட்டுவிட்டு இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். கையில் கோடு போட்ட பழைய நோட்டு. கேபிளின் உறையில் மீட்டர்க் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். 305 மீட்டர் கொண்ட பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத்தான் அதைப் பயன்படுத்துவார்கள். அவர் ஒவ்வொரு கேபிளுக்கும் ரேக் பக்கம் முடிந்த எண்ணையும் அறைப் பக்கம் முடிந்த எண்ணையும் எழுதி வைத்திருந்தார். வெட்டிய நுனியில் கைவிளக்கைப் பிடித்து எண்ணைப் படித்து, நோட்டில் விரல் வைத்து, ‘மூணாவது மாடி, ஜன்னலோரம், ரெண்டாவது டேபிள்’ என்றார். ஒரே எண் இரண்டு மூன்று கேபிள்களுக்கு வந்தால் மட்டும் டோனரை எடுத்தோம். மூன்றே நாளில் வேலை முடிந்தது.

‘இத ஏன் அப்பவே எங்ககிட்ட குடுக்கலை?’ என்று கேட்டேன்.

‘பில்லோட சேத்து ஒரு காப்பி குடுத்தேன் சார். பில்ல வாங்கிக்கினாங்க. இத யாரும் வாங்கி வெக்கல’ என்றார்.

*

கேபிள் செயலற்றது என்பதை முதலில் பார்ப்போம். சாதாரண வலையமைப்புக் கேபிளுக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணைக்கும் முறுக்கின் நெருக்கம் வேறு. ஓர் இணையின் சமிக்ஞை பக்கத்து இணைக்குள் கசியாமல் காப்பது இந்த முறுக்குத்தான். வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலை இரண்டு கம்பிகளும் சமமாக வாங்கிக்கொள்ள, மறுமுனையில் அது கழிந்துபோகிறது. அதாவது, கேபிள் ஒரு நொடியும் ஓயாமல் தன் வடிவத்தாலேயே வேலை செய்கிறது. அந்த வடிவம் குலைந்தால் வேலை குலையும்.

ஆகவேதான் விதிகள் இத்தனை நுணுக்கமாக இருக்கின்றன. 1991-ல் அமெரிக்காவில் முதலில் வெளியாகிப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட டி.ஐ.ஏ.-568 தரநிலையைத்தான் நம் ஊர்த் தொழிலாளரும் அறிந்தோ அறியாமலோ பின்பற்றுகிறார்கள். நிலையாகப் பதித்த கேபிள் 90 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரு முனைகளின் இணைப்புக் கயிறுகளையும் சேர்த்து 100 மீட்டர். முனையில் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்கக் கூடாது. தன் விட்டத்தின் நான்கு மடங்குக்கும் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. இவற்றை மீறினாலும் கேபிள் அன்றைக்கே செத்துவிடாது. மெல்லத் திணறும். கோப்பு இறங்கத் தாமதிக்கும், காணொளிக் கூட்டத்தில் குரல் உடையும். பழி இணையச் சேவை நிறுவனத்தின் தலையில் விழும்.

அடுத்து, கெடாதது என்பது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்தவர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். சென்னைக் கட்டடங்களில் கேபிள்களின் முதல் எதிரி எலி. அதற்கும் மேல் பெருச்சாளி. அடுத்து ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர். மூன்றாவது எதிரி மனிதர்: கேபிள் டிரேயைக் கால் வைக்கும் பலகையாக நினைக்கும் ஏ.சி. மெக்கானிக், விளக்குக்கான மின்கம்பியையும் அதே டிரேயில் சுருட்டிப் போடும் எலக்ட்ரீசியன், டியூப் லைட்டின் மேலேயே கேபிளைச் சாய்த்துவிட்டுப் போகிறவர். பதித்த அன்று தேர்ச்சி பெற்ற கேபிள் ஐந்தாண்டு கழித்தும் தேர்ச்சி பெறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பதித்த அன்றாவது தேர்ச்சி பெற்றதா என்பதே பல இடங்களில் ஐயம். நம் ஊரில் சோதனை என்பது பெரும்பாலும் எட்டு விளக்குகள் கொண்ட ஒரு சிறு கருவி. எட்டும் வரிசையாக எரிந்தால் ‘ஓகே சார்’. அக்கருவி சொல்வது கம்பி அறுந்துபோகவில்லை என்பதை மட்டுமே. ஒரு எடுத்துக்காட்டு: தரநிலைப்படி மூன்றாம் முனையும் ஆறாம் முனையும் ஓர் இணை. இதையறியாதவர் வண்ணங்களை அவர் விருப்பப்படி 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுக்கி, இரு பக்கமும் ஒரேமாதிரிப் பொருத்தினால் எட்டு விளக்குகளும் அழகாக எரியும். ஆனால் மூன்றும் ஆறும் வெவ்வேறு முறுக்குகளைச் சேர்ந்தவை. முறுக்கின் பயன் போயிற்று. பச்சை விளக்கு எரியும், வேலை நடக்காது. இழப்பு, கசிவு, எதிரொலிப்பு எல்லாவற்றையும் அளந்து சான்று தரும் கருவி லட்சக்கணக்கில் விலை என்பதால் சிறு ஒப்பந்ததாரர் வாங்க முடியாது. வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் கேட்பார் இல்லை.

போலிச் செம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசி, செம்புக் கேபிள் என்றே விற்கிறார்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. தகவல் மட்டும் ஓடிய காலத்தில் அதன் கேடு வேகக் குறைவோடு நின்றது. இப்போது கேமராவுக்கும் கதவுப்பூட்டுக்கும் வைஃபை கருவிக்கும் மின்சாரமே அந்தக் கேபிள் வழியாகப் போகிறது. 2003-ல் வந்த தரநிலையில் ஒரு முனைக்கு 15.4 வாட், 2018-ல் வந்த தரநிலையில் 90 வாட் வரை அனுப்பலாம். தடை மிகுந்த கம்பியில், நூறு கேபிள் ஒன்றாகக் கட்டிய கட்டில், காற்று அசையாத கூரையிடுக்கில் இது எவ்வளவு சூடேறும் என்று யோசித்துப் பாருங்கள். தானே மின்சாரம் சுமக்கும் பொருளை இன்னமும் பாசிவ் என்று ஒப்பந்தத்துக்கு வெளியே வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

*

மூன்றாவது, பார்க்க வேண்டாதது என்பது. இதற்கு 1975-ஆம் ஆண்டே போதுமான சாட்சி சொல்கிறது.

அவ்வாண்டு பிப்ரவரி 13 இரவு, நியூயார்க் உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 11-ஆம் மாடியில் தீப்பிடித்தது. தளத்துக்குத் தளம் தொலைபேசிக் கேபிள்கள் செல்ல விட்டிருந்த திறப்புகள் அடைக்கப்படாமல் இருந்தன. தீ அவற்றின் வழியே மற்ற மாடிகளுக்கு ஏறியும் இறங்கியும் பரவியது. இரண்டே வாரம் கழித்து, பிப்ரவரி 27 அன்று, அதே நகரின் இரண்டாம் அவென்யூவில் இருந்த தொலைபேசி நிலையத்தில், நிலவறைக் கேபிள் அறையில் தீ மூண்டது. சுமார் 1,70,000 தொலைபேசிகள் ஊமையாயின. மீட்க மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. கேபிள் உறைகள் எரிந்த நச்சுப் புகையை உட்கொண்ட தீயணைப்பு வீரர்கள் பலர் பின்னாளில் நோயுற்றார்கள். மார்ச் 22 அன்று அலபாமாவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். சுவரில் கேபிள்கள் நுழையும் இடங்களை அடைத்திருந்த நுரைப்பொருளில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க, ஊழியர் மெழுகுவத்தியை ஏற்றிப் பிடித்தார். நுரை பற்றிக்கொண்டது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன. கேபிள் துளைகளைப் பார்க்காமல் விட்டாலும் கேடு. பார்ப்பவருக்கு எதைக் கொண்டு, எப்படிப் பார்ப்பது என்று கற்றுத்தராவிட்டாலும் கேடு.

அமெரிக்கா தொலைவில் இருக்கிறது என்போருக்குப் பெங்களூரு இருக்கிறது. 2010 பிப்ரவரி 23 அன்று, பழைய விமான நிலையச் சாலையிலிருந்த கார்ல்டன் டவர்ஸ் என்னும் அலுவலகக் கட்டடத்தில், மின்வடங்கள் செல்லும் செங்குத்து டக்டில் மூண்ட தீயின் புகை மாடிகளெங்கும் பரவியது. ஒன்பது பேர் இறந்தார்கள். மூச்சுமுட்டி ஜன்னலிலிருந்து குதித்தவர்களும் அவர்களில் உண்டு. இழந்தவர்களின் குடும்பத்தினர் தொடங்கிய ‘பியாண்ட் கார்ல்டன்’ என்ற அமைப்பு இன்றும் தீப்பாதுகாப்புக்காகப் பேசி வருகிறது. டக்டுகளை ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது. கட்டி முடித்த அன்று அடைக்கவும் செய்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு புதிய குத்தகைதாரரும் வந்து இரண்டு கேபிள் இழுக்கிறார். இழுப்பவர் அடைப்பைக் குத்தி ஓட்டை போடுகிறார். திரும்ப அடைப்பது அவர் பில்லில் இல்லை. பத்து ஆண்டில் அந்த டக்ட் ஒரு புகைபோக்கி ஆகிவிடுகிறது. வானகரத்திலும் அம்பத்தூரிலும் நான் திறந்து பார்த்த டக்டுகளில் முழுமையாக அடைபட்டிருந்தவற்றை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

இத்தோடு செத்த கேபிள்கள் வேறு. குத்தகைதாரர் காலி செய்யும்போது மேசையைக் கொண்டுபோகிறார், நாற்காலியைக் கொண்டுபோகிறார்; கேபிளை விட்டுவிட்டுப் போகிறார். அடுத்து வருபவர் பழையதை நம்பாமல் புதிதாக இழுக்கிறார். இப்படி மூன்று தலைமுறைக் கேபிள்கள் எங்கள் கூரைக்கு மேல் கிடந்தன. பயனில்லாத பழைய கேபிள் தீக்கு விறகு என்பதையுணர்ந்து, எட்டக்கூடிய இடத்திலுள்ளவற்றை அகற்ற வேண்டும் என்று அமெரிக்க மின் விதித்தொகுப்பு 2002-லேயே சொல்லிவிட்டது. நாம் இன்னும் அதன் மேலேயே அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

*

மறுப்புகள் தெரியும். வைஃபை வந்துவிட்டதே, இனி எதற்குக் கம்பி என்பது முதலாவது. கூரையில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு வைஃபை கருவியின் முதுகிலும் ஒரு கேபிள் இருக்கிறது. கம்பி மேசையிலிருந்து கூரைக்கு இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. முன்பு ஒரு கேபிள் கெட்டால் ஒருவர் வேலை நிற்கும். இப்போது முப்பது பேர் வேலை நிற்கும்.

இரண்டாவது, தயாரிப்பாளர் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறாரே என்பது. தருகிறார்; முறைப்படி பதித்து, முறைப்படி அளந்த அறிக்கையை ஒப்படைத்தால். அப்போதும் உத்தரவாதம் பொருளின் குறைக்குத்தான். எலிப்பல்லுக்கும் வெள்ளத்துக்கும் எவரும் உத்தரவாதம் தருவதில்லை.

மூன்றாவது, செலவு. ஒரு முனைக்கு அழியாத சீட்டு ஒட்டும் செலவு, ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கும். எங்கள் கட்டடத்தின் 216 முனைகளுக்கும் இப்போது ஒட்டியிருக்கிறோம். மூன்றாம் மாடியின் நாற்பது பேர் ஒரே நாளில் இழந்த கூலியைவிட அது குறைவு.

2024-ல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கட்டடங்களின் தகவல் தொடர்பு வசதியை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் விதிமுறைகளை வெளியிட்டது. தண்ணீர், மின்சாரம்போல் இணைய இணைப்பும் ஒரு கட்டடத்தின் அடிப்படை வசதி என்ற எண்ணம் அதன் பின்னே இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் தரம் என்பது திறப்புவிழா நாளின் தேர்வாக முடிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. லிஃப்ட்டுக்கு ஆய்வும் பதிவேடும் இருப்பதுபோல் கேபிளுக்கும் இருக்க வேண்டும்.

இதே சென்னையிலிருந்து 1870-ல் பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். 2020-ல் அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஒளியிழை போடப்பட்டது. கடலுக்கடியில் கேபிள் அறுந்தால், எத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்தது என்று கரையிலிருந்தே அளந்து சொல்லிக் கப்பலை அனுப்புகிறார்கள். அவ்வளவு தூரம் கவனமாக வந்த செய்தியை, கடைசித் தொண்ணூறு மீட்டரில், எந்தக் கம்பியில் போகிறதென்று தெரியாமல் இழந்துவிடுகிறோம்.

*

இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. கம்பியைச் செயலற்றது என்று சொல்லும் பழக்கம், கம்பியை இழுப்பவரையும் அப்படியே பார்க்கப் பழக்கிவிடுகிறது. வெள்ளத்துக்குப் பின் டோனரோடு அலைந்த இளைஞர்களில் ஒருவர், நான்காம் நாள் ஃபால்ஸ் சீலிங்கின் மேல் கால் வைத்து, சட்டத்தோடு சரிந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அவரை அனுப்பிய நிறுவனத்தைக் கேட்டேன். அவர் எங்கள் ஆள் இல்லை, துணை ஒப்பந்ததாரரின் ஆள் என்றார்கள். துணை ஒப்பந்ததாரரைக் கேட்டேன். தினக்கூலிக்கு வந்தவர் என்றார். காப்பீடு இல்லை. உயரத்தில் வேலை செய்யக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மாவுக்கட்டோடு அமர்ந்திருந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ‘இன்னிக்குக் கூலி போட்ருவாங்களா சார்?’

கட்டட நிர்வாகமும் மாடிக்காரர்களும் சேர்ந்து ஏதோ கொடுத்தோம். அது தருமம், நியாயம் வேறு. பராமரிப்பு ஒப்பந்தத்தில் கேபிள் இருந்திருந்தால், அதைப் பார்க்க ஒரு நிலையான ஆள் இருந்திருப்பார். நிலையான ஆளுக்கு ஏணி இருந்திருக்கும், காப்பீடு இருந்திருக்கும். பத்திரத்தில் ஒரு பொருளை நீக்கும்போது, அதைத் தொடும் கைகளையும் நீக்கிவிடுகிறோம் என்பதை நான் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒப்பந்தத்திலிருந்து அந்த நீக்கல் வரியை நீக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டக்டையும் டிரேயையும் திறந்து பார்க்க வேண்டும். புதிய கேபிள் இழுத்தவர் துளையை அடைத்ததைக் காட்டினால்தான் பில் தீர வேண்டும். காலி செய்யும் குத்தகைதாரர் தம் கேபிளையும் எடுத்துச் செல்லவேண்டும், அல்லது எடுப்பதற்கான செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ள இசைய வேண்டும். கேபிள்களின் வரைபடமும் பதிவேடும் கட்டடத்தின் பத்திரங்களோடு, வெள்ளம் எட்டாத இடத்தில், இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். கூரை மேல் ஏறுகிறவருக்கு ஏணியும் காப்பீடும் வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளில் ஓலையின் ஓரத்தில் எண் இருக்கும். கட்டு அவிழ்ந்து சிதறினாலும் அடுக்கிவிடலாம். பல சுவடிகளின் இறுதியில், படியெடுத்தவர் தம் பெயரையும் முடித்த நாளையும் எழுதியிருப்பார். நூலாசிரியர் அவரல்லர், ஆயினும் அந்தப் படிக்குப் பொறுப்பு அவருடையது. புதிதாக ஒட்டிய சீட்டுகளில் எண்ணோடு, பொருத்தியவரின் பெயரையும் தேதியையும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். மேலதிகாரி ஒருவர் ‘பேர் எதற்கு?’ என்றார். இந்த ஏட்டுக் கதையை அவரிடம் சொல்லவில்லை. பழுது வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டாமா என்றேன், ஒப்புக்கொண்டார்.

புதுப்பித்த ஒப்பந்தத்தில் ‘பாசிவ் பொருள்கள் உட்பட’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன். தொகை சற்றுக் கூடும் என்று பதில் வந்திருக்கிறது. கூடட்டும். அந்தப் பெரியவரின் நோட்டை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ‘வெச்சிக்கோங்க சார், எனக்கெதுக்கு’ என்றார். அது இப்போது முதல் மாடியில், கட்டடத்தின் பத்திரங்கள் இருக்கும் அலமாரியில் இருக்கிறது.